யார் சொல்வதைக் கேட்பது?

சென்னையிலிருந்து டில்லிக்குப் போய்க்கொண்டிருந்தேன். ஜன்னல் ஓரத்து ஆசனம் கிடைத்திருந்தது. வெண்மேகத்தைத் தவிர வேறொன்றும் கண்ணுக்குத் தெரியவில்லை. புத்தகத்தை மடியில் கவிழ்த்துவிட்டுச் சற்றே கண் அயரலாம் என்று நினைத்த சமயத்தில், ஜன்னலுக்குக் கீழே வெள்ளியாக ஏதோ பளிச்சிட்டது. நன்றாகப் பார்ப்பதற்குள் போயே போய்விட்டது. நாங்கள் போகும் திசைக்கு நேர் எதிர்த் திசையில் போன இன்னொரு விமானம்!

நான் கொஞ்சம் உரக்கவே "ஐயையோ!" என்று சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. பக்கத்து ஆசனத்துப் பெரியவர் பத்திரிகையிலிருந்து தலை நிமிர்ந்தார்.

"என்ன சார், பயந்துவிட்டீர்களா?"

"பயம் ஒன்றும் இல்லை. ரொம்பக் கிட்டத்தில் போன மாதிரி இருந்தது."

"ஆயிரம் அடி கீழே போயிருக்கும். அதுதான் கணக்கு" என்றார். அவர் முப்பது வருஷம் விமானம் ஓட்டி ஓய்வு பெற்றவர் என்பது பிறகுதான் தெரிந்தது.

"அந்தக் கணக்குத் தப்பிவிட்டால்?"

"கீழே ரேடார் முன்னால் ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். அவர் பார்த்துச் சொல்வார்."

"அவரும் கவனிக்காமல் விட்டுவிட்டால்?"

"விமானத்துக்குள்ளேயே ஒரு குரல் கேட்கும். 'ஏறு, ஏறு' என்று சொல்லும். இல்லாவிட்டால் 'இறங்கு, இறங்கு' என்று சொல்லும். அது யந்திரத்தின் குரல்."

கதை எழுதுகிறவனுக்கு வாய் சும்மா இருக்காது. "சரி, கீழே இருக்கிற மனிதர் இறங்கச் சொல்லி, யந்திரம் ஏறச் சொன்னால்? யார் சொல்வதைக் கேட்பது?" என்று கேட்டேன்.

பெரியவர் உடனே பதில் சொல்லவில்லை. பத்திரிகையை நாலாக மடித்து முன்னால் இருந்த பையில் செருகினார்.

"இந்தக் கேள்விக்கு ஒரே விடை வேண்டும் என்று உலகம் ஒப்புக்கொள்வதற்கு எழுபத்தொரு பேர் சாகவேண்டியிருந்தது, சார்" என்றார்.

டில்லி போய்ச் சேருவதற்குள் அவர் சொன்னது கொஞ்சம். ஊர் திரும்பிய பிறகு விசாரணை அறிக்கைகளையும் பழைய செய்திகளையும் தேடி நான் படித்துத் தெரிந்துகொண்டது கொஞ்சம். இரண்டையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

*

வானம் எவ்வளவு பெரியது! அதில் இரண்டு விமானங்கள் ஒன்றோடொன்று மோதிக்கொள்ளும் என்றால், ஆரம்ப காலத்தில் யாரும் நம்பியிருக்க மாட்டார்கள். ஆனால் 1922ஆம் ஆண்டு ஏப்ரல் 7ஆம் தேதியே அது நடந்துவிட்டது. லண்டனிலிருந்து பாரிஸுக்குத் தபால் கொண்டுபோன ஆங்கிலேய விமானமும், பாரிஸிலிருந்து லண்டனுக்குப் பிரயாணிகளை ஏற்றிச் சென்ற பிரெஞ்சு விமானமும் வட பிரான்ஸில் மூடுபனிக்குள் நேருக்கு நேர் முட்டிக்கொண்டன. ஏழு பேர் மாண்டார்கள். அத்தனை பெரிய வானத்தில் இவர்கள் எப்படிச் சந்தித்தார்கள்? வழி தெரிய வேண்டும் என்பதற்காக இரண்டு விமானிகளும் கீழே தெரிந்த ஒரே சாலையைப் பார்த்துக்கொண்டே பறந்தார்கள்! மனிதன் வானத்துக்குப் போனாலும் ஒற்றையடிப் பாதையை உடன் கொண்டுபோய்விடுகிறான். எல்லாரும் போக விரும்பும் இடங்கள் சிலவே. ஆகவே எல்லாரும் போகும் வழிகளும் சிலவே. வானம் பெரிதாயிருந்து என்ன பயன்?

என்றாலும், இந்த விஷயம் உலகத்தின் தூக்கத்தைக் கலைத்தது 1956இல்தான். அந்த வருஷம் ஜூன் 30ஆம் தேதி காலை, லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்திலிருந்து இரண்டு பெரிய விமானங்கள் மூன்று நிமிஷ இடைவெளியில் கிளம்பின. ஒன்று கான்ஸாஸ் சிட்டிக்குப் போகும் சூப்பர் கான்ஸ்டலேஷன். மற்றொன்று சிகாகோவுக்குப் போகும் டி.சி.7. முதல் விமானத்தின் தலைவர் 21,000 அடி உயரத்தில் போக அனுமதி கேட்டார். அந்த உயரத்தில் டி.சி.7 போகிறது என்று மறுத்துவிட்டார்கள். அப்படியானால் மேகத்துக்கு ஆயிரம் அடி மேலே போகலாமா என்று கேட்டார். அதற்கு அனுமதி கிடைத்தது. மேகத்தின் உச்சி அன்று எங்கே இருந்தது தெரியுமா? ஏறக்குறைய 20,000 அடியில். வாசல் வழியாக வரக்கூடாது என்று சொல்லிவிட்டுக் கொல்லைப்புறக் கதவைத் திறந்துவிட்ட மாதிரி ஆயிற்று.

10 மணி 31 நிமிஷத்துக்கு ஒரு குறிப்பிட்ட எல்லையைக் கடப்போம் என்று இரண்டு விமானிகளும் செய்தி அனுப்பியிருந்தார்கள். ஒரே உயரம், ஒரே நேரம். அந்த இரு செய்திகளும் தரையில் ஒரே அதிகாரியின் கைக்கு வந்து சேர்ந்தன. ஆனால் அந்தப் பிரதேசத்தில், வெட்டவெளியில் பறக்கிறவர்கள் தங்கள் கண்ணைக்கொண்டு தாங்களே பார்த்து விலகிக்கொள்ள வேண்டும் என்பதுதான் விதி. எச்சரிப்பது அவர் கடமை என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. கிராண்ட் கான்யன் என்ற மாபெரும் பள்ளத்தாக்குக்கு மேலே இரண்டும் மோதின. 128 பேரில் ஒருவர்கூடப் பிழைக்கவில்லை.

அமெரிக்க ஜனங்கள் கொதித்துப்போனார்கள். ரேடார்கள் வாங்கப் பணம் ஒதுக்கப்பட்டது. 1958இல் புதுச் சட்டம் வந்து, வான் போக்குவரத்து முழுவதற்கும் ஒரே பொறுப்பாளியாகத் தனி ஸ்தாபனம் ஏற்பட்டது.

*

இங்கே வாசகர்களுக்கு ஒரு சந்தேகம் எழலாம். விமானிகளுக்குக் கண் இல்லையா? பட்டப்பகலில் அவ்வளவு பெரிய விமானம் எதிரே வருவது தெரியாதா?

அதில்தான் சூட்சுமம் இருக்கிறது. மைதானத்தில் பந்து பிடிக்கும் சிறுவனைக் கேட்டுப் பாருங்கள். அவனுக்கு இடது பக்கமாகவோ வலது பக்கமாகவோ போகும் பந்து அவன் பார்வையில் நகர்ந்துகொண்டே போகும். நேரே அவன் மூக்கை நோக்கி வரும் பந்து நகராது. இருந்த இடத்திலேயே இருந்து பெரிதாகும். வானத்திலும் அதே கதைதான். நம்மோடு மோதப் போகிற விமானம் கண்ணாடியில் ஒரு புள்ளியாக, அசையாமல், ஒரே இடத்தில் நிற்கும். மனிதக் கண்ணோ அசைகிற பொருளைத்தான் சட்டென்று கவனிக்கும். கண்ணாடியில் ஒட்டிய பூச்சியோ என்று நினைக்கும்படி இருந்த புள்ளி, கடைசிச் சில விநாடிகளில் பூதமாக விரியும். மணிக்கு 900 கிலோமீட்டர் வேகத்தில் இரண்டு விமானங்கள் எதிரெதிரே வந்தால், விநாடிக்கு அரைக் கிலோமீட்டர் வீதம் நெருங்குகின்றன. பத்துக் கிலோமீட்டர் தூரத்தில் இருப்பதைக் கண்டுபிடித்தாலும் இருபது விநாடிதான் அவகாசம். இந்தப் பக்கம் திரும்பி ஒரு வாய்க் காப்பி குடிப்பதற்குள் ஆயுள் முடிந்துவிடும்.

கிராண்ட் கான்யன் விபத்து நடந்த அதே 1956இல், பெண்டிக்ஸ் கம்பெனியைச் சேர்ந்த டாக்டர் ஜான் மாரல் என்பவர் மோதலின் பௌதிகத்தைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். இன்றைக்கு ஒவ்வொரு பெரிய விமானத்திலும் இருக்கும் கருவிக்கு அதுதான் வித்து. அவர் சொன்னது மிக எளிய விஷயம். எதிரே வருவது எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று கேட்காதே. இன்னும் எத்தனை விநாடியில் வந்து சேரும் என்று கேள்.

மவுண்ட் ரோடைக் கடக்கிற ஒரு பாட்டியம்மாளைக் கவனியுங்கள். பஸ் எத்தனை கஜ தூரத்தில் வருகிறது என்று அவள் அளப்பதில்லை. தான் அந்தப் பக்கம் போய்ச் சேருவதற்குள் அது வந்துவிடுமா என்றுதான் பார்க்கிறாள். மாட்டு வண்டி பத்துக் கஜத்தில் வந்தாலும் நடந்துவிடுவாள். பஸ் நூறு கஜத்தில் வந்தாலும் நின்றுவிடுவாள். தூரத்தை வேகத்தால் வகுக்கும் அந்தக் கணக்கைத்தான் மாரல் காகிதத்தில் போட்டார். கிரேக்க எழுத்தாகிய 'டௌ' என்பதை அந்த நேரத்துக்குப் பெயராக வைத்தார்கள்.

கணக்குத் தெரிந்துவிட்டது. யந்திரம் செய்யத்தான் முப்பது வருஷத்துக்கு மேல் ஆயிற்று. எதிரி விமானம் இருக்கும் தூரத்தை எப்படி அறிவது? 1960களில் பல கம்பெனிகள் பலவிதமாக முயன்றன. ஒவ்வொரு விமானத்திலும் இம்மியும் பிசகாத கடிகாரம் ஒன்றை வைத்து, ஆளுக்கு ஒரு கணம் என்று முறை போட்டுக் குரல் கொடுக்கச் செய்யலாம் என்றார்கள் சிலர். இவற்றிலெல்லாம் ஒரே குறைதான். எனக்கு எதிரே வருகிறவனும் அதே கருவியை வாங்கியிருந்தால்தான் எனக்குப் பாதுகாப்பு. முதலில் வாங்குகிறவனுக்குப் பணச் செலவுதான் மிச்சம்! ஆகவே யாரும் முதலில் வாங்கவில்லை.

வழி காட்டியது ஒரு பழைய சாமான். இரண்டாம் உலக மகாயுத்தத்தில், ரேடார் திரையில் தெரியும் விமானம் நம்முடையதா பகைவனுடையதா என்று கண்டுபிடிக்க ஒரு பெட்டி செய்தார்கள். தரையிலிருந்து வானொலி அலையால் "யார் அங்கே?" என்று கேட்டால், அந்தப் பெட்டி தானாகவே பதில் குரல் கொடுக்கும். சமாதானம் வந்த பிறகு அதன் வழித்தோன்றலைப் பிரயாணி விமானங்களில் வைத்தார்கள். 'டிரான்ஸ்பாண்டர்' என்று பெயர். தன் அடையாள எண்ணையும், பறக்கும் உயரத்தையும் அது சொல்லும். தரையிலுள்ள ரேடார் கேட்டால் பதில் சொல்லுகிற பெட்டி, பக்கத்தில் வரும் இன்னொரு விமானம் கேட்டாலும் பதில் சொல்லாதா? இந்த யோசனை 1970களில் வலுப்பெற்றது. எதிரியிடம் புதிதாக ஒன்றும் இருக்க வேண்டியதில்லை. அவனிடம் ஏற்கெனவே இருக்கும் பெட்டியே போதும்.

1978 செப்டம்பரில் ஸான் டியாகோ நகரத்துக்கு மேல் ஒரு போயிங் விமானமும் சின்னஞ்சிறு ஸெஸ்னாவும் மோதி, தரையில் இருந்தவர்கள் உள்பட 144 பேர் இறந்தார்கள். 1981இல் அமெரிக்க அரசாங்கம் டிரான்ஸ்பாண்டர் வழியையே தேர்ந்தெடுத்தது. 1986 ஆகஸ்டில் லாஸ் ஏஞ்சல்ஸுக்கு அருகே செர்ரிடோஸ் என்ற இடத்தில் மறுபடியும் மோதல். 82 பேர் மரணம். அடுத்த வருஷமே சட்டம் வந்தது. முப்பது ஆசனங்களுக்கு மேற்பட்ட பிரயாணி விமானங்கள் எல்லாவற்றிலும் கருவி இருக்க வேண்டும் என்றார்கள். 1993 முடிவுக்குள் அது நிறைவேறியது. விமானிகள் அதைச் சுருக்கமாக 'டீகாஸ்' என்று அழைக்கிறார்கள்.

*

டீகாஸ் என்ன செய்கிறது? சுமார் ஒரு விநாடிக்கு ஒரு முறை சுற்றிலும் "யார் அங்கே?" என்று கேட்கிறது. பதில் வந்து சேர எவ்வளவு நேரமாயிற்று என்று பார்த்துத் தூரத்தைக் கணிக்கிறது. அடுத்த விநாடி மறுபடி கேட்கிறது. தூரம் எவ்வளவு குறைந்தது என்று பார்த்தால் நெருங்கும் வேகம் கிடைத்துவிடும். உயரத்தை எதிரியே சொல்லிவிடுகிறான். பாட்டியம்மாளின் கணக்கைப் போட இவ்வளவு போதும். இரண்டு விமானங்கள் ஏறக்குறைய ஒரே திசையில் மெல்ல மெல்லச் சாய்ந்து நெருங்கினால் இந்தக் கணக்கு ஏமாந்துவிடும். ஆகையால் இன்ன தூரத்துக்குள் யார் வந்தாலும் எச்சரிக்கை என்று ஒரு வேலியும் போட்டு வைத்திருக்கிறார்கள்.

பெரிய நகரங்களுக்கு மேலே நூறு பெட்டிகள் ஒரே சமயத்தில் பதில் சொன்னால் சந்தைக்கடை ஆகிவிடாதா? அதற்கு ஒரு வேடிக்கையான உபாயம் செய்திருக்கிறார்கள். முதலில் இரகசியம் பேசுகிற மாதிரி மெல்லிய குரலில் கேட்கிறது. சில பெட்டிகளுக்குத்தான் அது காதில் விழும். அவை பதில் சொல்லும். அடுத்தாற்போல், "முன்பே பதில் சொன்னவர்கள் சும்மா இருங்கள்" என்று அடக்கிவிட்டு, இன்னும் கொஞ்சம் உரக்கக் கேட்கிறது. பிறகு இன்னும் உரக்க. வகுப்பில் வரிசை வரிசையாக ஆஜர் எடுக்கும் வாத்தியார் மாதிரிதான்.

ஆபத்து என்று தோன்றினால், உயரத்துக்குத் தகுந்தபடி 20 முதல் 48 விநாடிக்கு முன்னால் "போக்குவரத்து, போக்குவரத்து" என்று ஆங்கிலத்தில் எச்சரிக்கும். அது பார்த்துக்கொள் என்பதற்கு மட்டும். இன்னும் நெருங்கினால், 15 முதல் 35 விநாடிக்கு முன்னால், கட்டளை பிறக்கும்: ஏறு, அல்லது இறங்கு. விமானி ஐந்து விநாடிக்குள் பணிவார் என்பது யந்திரத்தின் எதிர்பார்ப்பு.

இடது பக்கம் திரும்பு, வலது பக்கம் திரும்பு என்று அது சொல்லவே சொல்லாது. தூரமும் உயரமும் அதற்குத் துல்லியமாகத் தெரியும். எந்தத் திசை என்பது மட்டும் உத்தேசமாகத்தான் தெரியும். தவிர, விமானம் அகலத்தில் பெரிது, கனத்தில் சிறிது. சில நூறு அடி ஏறினால் அல்லது இறங்கினால் தப்பிவிடலாம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். குறுகலான தெருவில் எதிரெதிரே வரும் இரண்டு பேர், இருவரும் ஒரே பக்கமாக விலகி, மறுபடி இருவரும் மறுபக்கமாக விலகி, அசட்டுச் சிரிப்புச் சிரிப்பதை நாம் பார்த்திருக்கிறோம். வானத்தில் அப்படிச் சிரிக்க நேரமில்லை. ஆகவே இரண்டு விமானங்களிலும் டீகாஸ் இருந்தால் அவை தமக்குள் பேசிக்கொள்ளும். "நான் ஏறுகிறேன், நீ இறங்கு." இரண்டும் ஒரே சமயத்தில் ஒரே பக்கத்தைத் தேர்ந்தெடுத்துவிட்டால், எதன் அடையாள எண் சிறியதோ அது சொல்வது நிற்கும், மற்றது மாற்றிக்கொள்ளும். மனிதர்களுக்குள் இவ்வளவு சுமுகமாக ஒரு வழக்கும் தீர்ந்து நான் பார்த்ததில்லை.

*

இந்தக் கருவி அமெரிக்க வானத்தில் எங்கும் வந்துவிட்ட காலத்தில், நம் நாட்டில் நடந்ததை நினைத்தால் இன்றைக்கும் மனம் பதைக்கிறது.

1996ஆம் ஆண்டு நவம்பர் 12ஆம் தேதி. டில்லியிலிருந்து மாலை 6 மணி 32 நிமிஷத்துக்கு ஒரு சவூதி போயிங் 747 கிளம்பியது. அதில் 312 பேர் இருந்தார்கள். பெரும்பாலோர் நம்மவர்கள், அரபு நாட்டில் பிழைப்புத் தேடிப் போனவர்கள் பலர். அதே சமயத்தில் கஜகஸ்தானிலிருந்து ஓர் இல்யூஷின் விமானம் 37 பேருடன் டில்லியை நோக்கி வந்துகொண்டிருந்தது. அந்த நாளில் டில்லியைச் சுற்றியிருந்த வானத்தில் பெரும்பகுதி விமானப் படையின் வசம் இருந்தது. போகிற விமானமும் வருகிற விமானமும் ஒரே பாதையில்தான் போயாக வேண்டும். மேல் கீழ் வித்தியாசம் ஒன்றே பாதுகாப்பு. உயரத்தைத் தானாகக் கேட்டறியும் புது ரேடாரும் அப்போது வேலைக்கு வரவில்லை. திரையில் புள்ளிகள் தெரியும். எது எந்த உயரத்தில் இருக்கிறது என்பது விமானி வாயால் சொன்னால்தான் தெரியும்.

சவூதி விமானம் 14,000 அடியில் நிற்க வேண்டும். கஜகஸ்தான் விமானம் 15,000 அடிக்குக் கீழே இறங்கக் கூடாது. உத்தரவு தெளிவாகவே இருந்தது. எதிரே ஒரு விமானம் வருகிறது என்றும் டில்லி அதிகாரி சொன்னார். ஆனால் அந்த இல்யூஷினில், தரையோடு பேசியவர் விமானி அல்ல. அதற்கென்று இருந்த வானொலி உத்தியோகஸ்தர். உயரம் காட்டும் கருவி அவருக்கு எதிரே இல்லை. விமானிகளின் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். அவர்களுக்கு ஆங்கிலப் பழக்கமும் குறைவு. விமானம் 15,000 அடியைத் தாண்டி இறங்கிக்கொண்டே வந்தது. கடைசி விநாடிகளில் வானொலிக்காரர் அதை உணர்ந்து, ஏறும்படி சொன்னார். நேரம் கடந்துவிட்டது. ஹரியானாவில் சர்க்கி தாத்ரி என்ற ஊருக்கு மேலே, அறுவடை முடிந்த வயல்களில் நெருப்பு மழை பெய்தது. 349 பேர் மாண்டார்கள். வானத்தில் நடந்த மோதல்களில் இதற்கு மேல் உயிர் குடித்தது உலகத்தில் வேறொன்று இல்லை.

இரண்டு விமானங்களிலும் டீகாஸ் இல்லை. இருந்திருந்தால் மோதலுக்கு அரை நிமிஷம் முன்னால் ஒன்று "ஏறு" என்றிருக்கும். மற்றொன்று "இறங்கு" என்றிருக்கும்.

நீதிபதி லஹோட்டி தலைமையில் விசாரணை நடந்தது. உத்தரவை மீறி இறங்கியது கஜகஸ்தான் விமானமே என்று முடிவாயிற்று. அதன் பிறகு வருவதற்கு ஒரு பாதை, போவதற்கு ஒரு பாதை என்று பிரித்தார்கள். புது ரேடார் வேலைக்கு வந்தது. இந்திய வானத்தில் பறக்கும் பெரிய விமானங்களுக்கு டீகாஸ் கட்டாயமாயிற்று.

*

இனி, பெரியவர் சொன்ன எழுபத்தொரு பேர்.

யந்திரம் வந்ததும் ஒரு புதுச் சிக்கலும் கூடவே வந்தது. அதுவரை விமானிக்கு ஒரே எஜமானர். தரையிலிருந்து பேசும் அதிகாரி. இப்போது இரண்டாவது எஜமானர் வந்துவிட்டார். இருவரும் எதிரெதிராகச் சொன்னால் என்ன செய்வது என்பது பற்றி உலகம் முழுவதற்கும் தெளிவான ஒரே விதி இல்லை. சில நாடுகளின் விமானிகளுக்கு யந்திரம் சொல்வதையே கேள் என்று கற்பித்தார்கள். வேறு சில நாடுகளில் தரை அதிகாரியே முக்கியம், யந்திரம் அதற்குத் துணை என்று நினைக்கும்படி புத்தகங்கள் இருந்தன.

2001 ஜனவரி 31ஆம் தேதி ஜப்பானில் இது கிட்டத்தட்ட வெடித்தது. பயிற்சியில் இருந்த ஓர் அதிகாரி இரண்டு விமானங்களின் எண்களை மாற்றிச் சொல்லிவிட்டார். ஒரு விமானி அதிகாரி சொன்னபடி இறங்கினார். அவருடைய யந்திரம் ஏறச் சொன்னதைக் கேட்கவில்லை. எதிரே வந்தவர் தம் யந்திரம் சொன்னபடி இறங்கினார். இருவரும் இறங்கினார்கள்! கடைசிக் கணத்தில் கண்ணால் பார்த்து முட்டாமல் தப்பினார்கள். இரண்டிலுமாக 677 பேர் இருந்தார்கள். தூக்கியடித்ததில் சுமார் நூறு பேருக்குக் காயம். உயிர்ச் சேதம் இல்லை. உயிர்ச் சேதம் இல்லாத பாடத்தை உலகம் அவசரமாகப் படிப்பதில்லை.

பதினேழு மாதம் கழித்து, 2002 ஜூலை 1ஆம் தேதி. இரவு பதினொன்றரை மணி. ஜெர்மனிக்கும் ஸ்விட்ஸர்லாந்துக்கும் நடுவே உள்ள கான்ஸ்டன்ஸ் ஏரிக்கருகே, 36,000 அடி உயரத்தில் இரண்டு விமானங்கள் ஒரு புள்ளியை நோக்கிப் போய்க்கொண்டிருந்தன. ஒன்று இரண்டே விமானிகளுடன் போன சரக்கு போயிங். மற்றது மாஸ்கோவிலிருந்து பார்ஸிலோனாவுக்குப் போன டூபலேவ். அதில் 69 பேர். பெரும்பாலோர் உஃபா நகரத்துப் பள்ளிப் பிள்ளைகள். ஸ்பெயின் கடற்கரையில் விடுமுறையைக் கழிக்கப் போனவர்கள்.

அந்த வானம் ஜூரிச்சிலிருந்த ஓர் அதிகாரியின் பொறுப்பில் இருந்தது. இரண்டு பேர் வேலை நேரத்தில் இருக்க வேண்டும். இரவில் ஒருவர் ஓய்வெடுக்கப் போவது வழக்கமாகிவிட்டது. மேலதிகாரிகள் கண்டும் காணாமல் இருந்தார்கள். ஆகவே ஒரே மனிதர் இரண்டு திரைகளையும் பார்த்துக்கொண்டிருந்தார். அன்று இரவு பழுது பார்க்கும் வேலை நடந்தது. மோதல் வரும்போது திரையில் எச்சரிக்கும் ஏற்பாட்டை நிறுத்தி வைத்திருந்தார்கள். முக்கிய டெலிபோனும் வேலை செய்யவில்லை. தாமதமாக வந்த இன்னொரு விமானத்தை இறக்குவதற்கு அவர் டெலிபோனோடு போராடிக்கொண்டிருந்தார். பக்கத்து ஜெர்மானிய நிலையத்தில் இருந்தவர்கள் ஆபத்தைப் பார்த்துவிட்டு அவரைக் கூப்பிட முயன்றார்கள். இணைப்புக் கிடைக்கவில்லை.

மோதலுக்கு 43 விநாடி முன்னால் அவர் கவனித்தார். டூபலேவை இறங்கச் சொன்னார். ஏழு விநாடி கழித்து டீகாஸ் பேசியது. போயிங்கை "இறங்கு" என்றது. டூபலேவை "ஏறு" என்றது. போயிங் விமானிகள் யந்திரத்துக்குப் பணிந்து இறங்கினார்கள். டூபலேவில் துணை விமானி, யந்திரம் ஏறச் சொல்கிறதே என்றார். அவர் நம்மை இறங்கச் சொல்கிறாரே என்று பதில் வந்தது. அந்தச் சமயம் பார்த்து அதிகாரி மறுபடியும், சீக்கிரம் இறங்குங்கள் என்றார். பிள்ளைகள் இருந்த விமானம் மனிதக் குரலைக் கேட்டது.

இரண்டு விமானங்களும் கிட்டத்தட்ட ஒரே வேகத்தில், ஒரே உயரத்தில், சேர்ந்தாற்போல் இறங்கிக்கொண்டே வந்தன. இரண்டு யந்திரங்களும் குரலை உயர்த்தின. ஒன்று "இன்னும் வேகமாக இறங்கு" என்றது. மற்றது "இன்னும் வேகமாக ஏறு" என்றது. யூபர்லிங்கன் என்ற ஊருக்கு மேலே, 34,890 அடியில், அவை சந்தித்தன. 71 பேரில் ஒருவரும் மிஞ்சவில்லை.

யாரைக் குற்றம் சொல்வது? டூபலேவின் விமானிகளையா? முகம் தெரியாவிட்டாலும் ஒரு மனிதர் ரேடாரைப் பார்த்துக்கொண்டு சொல்கிறார். பெட்டி ஏதோ உளறுகிறது என்று அவர்கள் நினைத்தது இயற்கைதானே? அந்த அதிகாரியையா? இரண்டு பேர் வேலையை ஒருவர் தலையில் கட்டிவிட்டு, காதையும் கண்ணையும் பாதி கட்டிவிட்டால் அவர் என்ன செய்வார்? ஜெர்மானிய விசாரணை அதிகாரிகள் இவையெல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்துத்தான் காரணமாக எழுதினார்கள். 2007இல் ஸ்விஸ் நீதிமன்றம் அந்த நிலையத்தைச் சேர்ந்த நால்வரைக் குற்றவாளிகள் என்று தீர்ப்பளித்தது. ஆனால் அதற்கு முன்பே, 2004இல், மனைவியையும் இரண்டு குழந்தைகளையும் பறிகொடுத்த ஒருவர் அந்த அதிகாரியின் வீட்டைத் தேடிப் போய் அவரைக் குத்திக் கொன்றுவிட்டார். அந்த எழுபத்தொரு பேரோடு எழுபத்திரண்டாவது உயிர் என்று நான் இதைச் சேர்த்துக்கொள்கிறேன்.

*

2003 நவம்பரில் உலக விதி திருத்தப்பட்டது. யந்திரம் கட்டளையிட்டால் விமானி அதற்கே பணிய வேண்டும். தரை அதிகாரி எதிராகச் சொன்னாலும் சரி. யந்திரத்தின் கட்டளையைப் பின்பற்றுகிறேன் என்று விமானி சொல்லிவிட்டால், அதிகாரி குறுக்கே பேசக் கூடாது. யந்திரத்துக்கும் புத்தி சொன்னார்கள். இருவரும் ஒரே பக்கமாக இறங்குவதைக் கண்டால், "ஒருவன் நான் சொன்னதைக் கேட்கவில்லை" என்று புரிந்துகொண்டு, கேட்கிறவனுடைய கட்டளையைத் தலைகீழாக மாற்றும்படி செய்தார்கள்.

இது மனிதனைவிட யந்திரம் அறிவாளி என்பதால் செய்த விதி அல்ல. இந்த இடத்தைப் பெரியவர் எனக்கு நன்றாக விளக்கினார். "சார், அதிகாரி பேசுவது ஒரு விமானத்தோடு. எதிர் விமானம் அந்தக் கணத்தில் என்ன செய்யப் போகிறது என்று அவருக்குத் தெரியாது. யந்திரமோ எதிர் யந்திரத்தோடு முன்பே ஒப்பந்தம் செய்துகொண்டுதான் பேசுகிறது. அந்த ஒப்பந்தத்தை ஒருவன் மீறினால் மற்றவனும் சாகிறான்" என்றார். கேள்வியின் விடை அதில் இருக்கிறது. யார் புத்திசாலி என்பதல்ல விஷயம். இருவரும் ஒருவரையே கேட்க வேண்டும் என்பதுதான் விஷயம்.

யந்திரம் சர்வரட்சகன் அல்ல. 2006இல் பிரேஸில் காட்டுக்கு மேல், ஒரு சிறு ஜெட் விமானத்தின் டிரான்ஸ்பாண்டர் பேசாமல் இருந்தது. "யார் அங்கே?" என்ற கேள்விக்குப் பதில் வராததால், யாரும் இல்லை என்று டீகாஸ் நினைத்துக்கொண்டது. போயிங் விமானத்தில் இருந்த 154 பேரும் மாண்டார்கள். 2025 ஜனவரி 29ஆம் தேதி வாஷிங்டனில், இறங்கப்போகிற பிரயாணி விமானத்தோடு ராணுவ ஹெலிகாப்டர் மோதி 67 பேர் இறந்தார்கள். சுமார் இருபது விநாடிக்கு முன்பே டீகாஸ் எச்சரித்தது. ஆனால் தரைக்கு மிக அருகில் ஏறு, இறங்கு என்று கட்டளையிடுவதே ஆபத்து என்பதால், அந்த உயரத்தில் கட்டளைக் குரலை வாயடைத்து வைத்திருப்பார்கள். அங்கே மனிதர்கள்தான் பார்த்திருக்க வேண்டும்.

யூபர்லிங்கனில் ஒரு நினைவுச் சின்னம் வைத்திருக்கிறார்கள். அறுந்துபோன முத்துமாலை, மணிகள் புல்வெளியில் சிதறிக் கிடக்கின்றன. உலோகத்தால் செய்த பெரிய பெரிய முத்துக்கள். வேறு விளக்கம் தேவையில்லை.

அன்று டில்லியில் இறங்கியபோது பெரியவர் மேலே இருந்த தம் பையை எடுக்க நான் கை கொடுத்தேன். "உங்களுக்கு எப்போதாவது அந்தக் குரல் கேட்டிருக்கிறதா?" என்று கேட்டேன்.

"ஒரு தடவை. ஏறச் சொன்னது. ஏறினேன்" என்றார்.

"எதிரே வந்தவரைப் பார்த்தீர்களா?"

"இல்லை. மேகம். அவர் யாரென்று இன்று வரை தெரியாது. அவரும் சொன்னதைக் கேட்டிருக்கிறார். இல்லாவிட்டால் உங்களோடு பேசிக்கொண்டிருக்க மாட்டேன்."

கூட்டம் நகரத் தொடங்கியது. அவர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு மெதுவாக முன்னால் நடந்தார்.